டைரக்டரியில் மூன்று பெயர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. மகள் வேலை மாறிப் போய்விட்டாள். வீட்டில் டிவி சத்தம்தான் துணை.

எதிர்காலத்திலிருந்து கொலைகார இயந்திரம் வருமே, அந்த ஹாலிவுட் படவரிசையைப் பற்றி, 'டெர்மினேட்டருக்கு மூடுவிழா நடத்திவிடலாம்' என்று எழுதியிருந்தாய். கோபம் புரிகிறது. 2019இல் அந்த வரிசையின் 'டார்க் ஃபேட்' பார்க்கப் போனோமே, படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, இயந்திரங்களை எதிர்க்கப்போகும் வருங்காலத் தலைவன் ஜான் கானரைச் சுட்டுக் கொன்றார்கள். யாரைக் காப்பாற்ற முதல் இரண்டு படங்களும் ஓடினவோ அந்தப் பையனை! நீ எழுந்தே போகப் பார்த்தாய். நான்தான் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

1991இல் வந்த இரண்டாம் பாகத்தோடு கதை முடிந்துவிட்டது, அதுதான் சிக்கல். 1997 ஆகஸ்ட் 29 அன்று இயந்திரங்களால் உலகுக்கு வரவிருந்த அழிவைத் தடுத்தாயிற்று. அந்த வெற்றியைக் கலைத்தால்தான் அடுத்த படம் எடுக்க முடியும். 2003இல் அழிவு தள்ளித்தான் போனது என்றார்கள். 2009இல் நேரே எதிர்காலப் போருக்குள் போனார்கள். 2015 பற்றி எழுத மை வீண்.

ஆனாலும் மூடவேண்டாம் என்கிறேன். போன வாரம் 1984 படத்தைத் திரும்பப் பார்த்தேன். டெலிபோன் பூத்தில் நின்றவனை இழுத்து வெளியே போட்டுவிட்டு, கொலைகார இயந்திரமாக வரும் அர்னால்ட் டைரக்டரியைப் புரட்டும் இடம் ஞாபகம் இருக்கிறதா? தேடுவது ஜானின் அம்மா சாரா கானரை. அந்தப் பெயரில் மூன்று பேர். போரில் ஆவணங்கள் அழிந்துபோனதால் எந்த சாரா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. சரி, வரிசையாகக் கொன்றுவிடலாம் என்று கிளம்புகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது துப்பாக்கியில்லை, அந்த வரிசைதான்.

இன்று டைரக்டரி தேவையில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பையில் இருக்கும் ஃபோனே சொல்லிவிடும். அப்படியானால் ஒளிவது எப்படி? அடுத்த படத்துக்கு அதுவே போதும்: ஒரே ஒரு ராத்திரி, எந்தக் கேமராவிலும் விழாமல் விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டிய ஒருத்தி. கானர் குடும்பம் வேண்டாம், அர்னால்டும் வேண்டாம். அவர் இல்லாமல் யார் பார்ப்பார்கள் என்பாய். நியாயம்தான். ஆனால் வேற்றுக்கிரக வேட்டைக்காரன் வரும் 'பிரிடேட்டர்' படவரிசையைப் பார். 2018 படத்தில் கண்டதையும் திணித்து நோகடித்தார்கள். 2022இல் அதே வரிசையில் 'ப்ரே' வந்தது. 1719ஆம் வருடம், கமான்ச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியில் ஒரு பெண், ஒரு வேட்டைக்காரன், அவ்வளவுதான். அந்தத் தொடருக்கே உயிர் வந்தது. முதல் டெர்மினேட்டரும் சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்ததுதானே! காசை அளந்து கொடுத்தால்தான் இவர்களுக்கு மூளை வேலை செய்யும் போல.

இன்னொன்று. அதே முதல் படத்தில் சாரா ஃபோனில் அம்மாவோடு பேசுவாள், மறுமுனையில் அம்மா குரலில் பேசுவது அந்த இயந்திரம். அன்று அது கற்பனை. இன்று அப்படிக் குரலைத் திருடித்தான் பணம் பிடுங்குகிறார்கள். இதை வைத்தே ஒரு படம் எடுக்கலாம், ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் நாயின் பெயரை வேண்டுமென்றே மாற்றிக் கேட்டு, ஜானின் வளர்ப்புத் தாயின் குரலில் பேசுவது யார் என்று கண்டுபிடிப்பார்களே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அடுத்த முறை நீ ஃபோன் செய்தால் முதலில் உன் பழைய சைக்கிள் என்ன நிறம் என்று கேட்பேன். தப்பாகச் சொன்னால் வைத்துவிடுவேன்.

உன்,
பழைய பெஞ்சு நண்பன்