மோட்டார் ஸ்குரூவைத் திருகியது என் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர், பங்க் என்கிற வேகமான முரட்டு ராக் இசையைப் பற்றி எழுதி, கிட்டாரை உடைப்பதும் தொண்டை கிழியக் கத்துவதும் இசையா என்று கேட்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் அதையே கேட்டவன்தான். கேட்டதோடு நிற்காமல் ஸ்குரூடிரைவரையும் கையில் எடுத்தவன்.

அப்போது காட்பாடியில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒரு கல்லூரி மாணவர் டூ-இன்-ஒன் செட்டைக் கொண்டுவந்து, நாடா சிக்கிக்கொள்கிறது என்றார். பெல்ட் மாற்றினேன், ரோலரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், உள்ளேயே கிடந்த அவருடைய கேசட்டை ஓடவிட்டேன். பாட்டு ஒவ்வொன்றும் தலைதெறிக்க ஓடுகிறது! புது பெல்ட் போட்டதில் வேகம் கூடிவிட்டது என்று நினைத்து, மோட்டாரின் பின்பக்கத் துளையில் ஸ்குரூடிரைவரை விட்டுத் திருகி, ஒரு நிதானத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தனுப்பினேன். மறுநாள் அந்த மாணவத் தம்பி வந்து நின்றார். "அண்ணா, மத்த கேசட் எல்லாம் தூங்கி வழியுதே!"

வேகம் மோட்டாரில் இல்லை, பாட்டில்தான் இருந்திருக்கிறது. ராமோன்ஸ் என்ற நியூயார்க் பங்க் குழுவின் முதல் ஆல்பம் அது. 1976இல் வந்தது. 14 பாட்டு, சுமார் 29 நிமிடம். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்திலேயே மொத்தமும் அடங்கிவிடும். பதிவுச் செலவு ஏறக்குறைய 6,400 டாலர்தானாம். ஆல்பத்துக்கு அதெல்லாம் சில்லறைக் காசு என்று தம்பி சொன்னார். ஸ்குரூவை மறுபடி பழைய இடத்துக்குத் திருப்பினேன். காசு வாங்கவில்லை. பதிலுக்கு அந்தக் கேசட்டைக் காப்பி எடுத்துக்கொண்டேன்.

வரிகள் எனக்குப் பாதி புரியாது. பிடித்தது வேறு விஷயம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்ற பங்க் குழு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் நான்கு பாட்டுள்ள இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. முதலில் போட்டது 1,000 தட்டு. எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்கவில்லை. சொந்தமாகக் கடை போட்டவனுக்கு அந்தத் துணிச்சல் புரியும். இன்னொன்று, கிட்டார் உடைத்த கணக்கை பங்க் தலையில் கட்டுவது சரியில்லை. த ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1964லேயே உடைத்துவிட்டார்.

அதிலிருந்து சோதனை இசைக்குப் போனேன். பாரிஸில் பியர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் 1948இல் ரயில் எஞ்சின் சத்தங்களைத் தட்டில் பதிவு செய்து, துண்டு துண்டாக அடுக்கி ஒரு இசை அமைத்தார். காட்பாடி ஜங்ஷன் பக்கத்தில் குடியிருப்பவனிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பானா? நானும் செய்தேன். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஒரு சாண் வெட்டி வளையமாக ஒட்டினால் சுமார் 5 விநாடிச் சத்தம் திரும்பத் திரும்பச் சுற்றும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பதிவு செய்த பம்பையை அப்படிச் சுற்றவிட்டேன். பத்து நிமிஷம் பொறுத்த என் மனைவி, "சாமி வந்துரும், நிறுத்துங்க" என்றாள்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பைத்தியம் என்றும் அந்த வாசகர் எழுதியிருக்கிறார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969லேயே மூக் சிந்தசைசர் என்ற, மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கருவியோடு ஒரு மின்னணு இசைக்கூடம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தார். அங்கே நம்மவர்கள் பதிவு செய்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் கிடந்து, 2023இல்தான் ஆல்பமாக வந்தன. இத்தனை வருஷம் பூசணம் தின்னாமல் நாடா தப்பித்ததே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எல்லாமே பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். இரைச்சலையே இசையாக்கும் ஜப்பானியக் கலைஞர் மெர்ஸ்பாவின் ஆல்பத்தை மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ஆனால் பாரதக் கூத்தில் விடிய விடிய முகவீணை என்ற கீச்சுக் குழலைக் கேட்டு வளர்ந்த வட ஆர்க்காட்டுக்காரன், காது கூசுகிறது என்பதற்காக ஒன்றை இசையே இல்லை என்று சொல்லக்கூடாது.

இப்போது என் பழைய கடையில் நான்கு பையன்கள் ஷட்டரை இறக்கிவிட்டு டிரம்ஸும் கிட்டாருமாகப் பழகுகிறார்கள். தெருவில் புகார் வந்தது. ராத்திரி ஒன்பதோடு நிறுத்துங்கள் என்றேன், நிறுத்துகிறார்கள். தெருக்காரர்களுக்கும் அது போதுமாக இருக்கிறது. உங்கள் இசைப் பக்கத்தில் சினிமாப் பாட்டுக்கு நடுவே இந்த மாதிரிப் பையன்களுக்கும் மாதம் ஒரு கால் பத்தி ஒதுக்க முடியுமா?

அந்த வாசகர் காட்பாடிப் பக்கம் வந்தால் அதே கேசட்டைப் போட்டுக் காட்டுகிறேன். தேநீர் ஆறுவதற்குள் நாலைந்து பாட்டு முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பழைய டேப் ரெக்கார்டர் மெக்கானிக்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.