கைதுக்குப் பிறகு ஓர் எபிசோடு: மலேசியத் தமிழ்த் தொடர் எடுப்பவர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். கோலாலம்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இருப்பது செந்தூலில். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் தமிழ்த் தொடர் ஓடும், நானும் உட்கார்ந்து பார்ப்பேன். கேங் கதைக்கும் போலீஸ் கதைக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. இரண்டையும் சேர்த்து, பள்ளிச் சீருடை போட்ட ரகசியப் போலீஸ் கதையை உங்களில் ஒருவர் என்றைக்காவது எடுக்கத்தான் போகிறீர்கள். தாராளமாக எடுங்கள், அருமையான கதைக்களம். ஆனால் திரைக்கதையை முடிக்குமுன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: கைதான பையனுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதையும் காட்டுவீர்களா?

இந்த வகையைப் பிரபலமாக்கியது '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கத் தொடர். 1987 ஏப்ரலில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1991 வரை ஐந்து சீசன், 103 எபிசோடு ஓடியது. பார்க்க மாணவர்களைப் போலவே இருக்கும் இளம் போலீஸ்காரர்கள் சிலர், கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தை அலுவலகமாக வைத்துக்கொண்டு, பள்ளி பள்ளியாகப் போய்ச் சேர்ந்து போதைப்பொருள், திருட்டு, அடிதடி என்று துப்புத் துலக்குவார்கள். ஜானி டெப்பை நட்சத்திரமாக்கியது அதுதான். அந்தப் புகழ் அவருக்கே பிடிக்கவில்லை, நான்காவது சீசனோடு கிளம்பிவிட்டார். சில எபிசோடுகள் முடிந்ததும் நடித்தவர்களே திரையில் வந்து, உதவி வேண்டிய பிள்ளைகள் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணைச் சொல்வார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும்.

அதில் ஐயோக்கி என்று ஒரு போலீஸ்காரர் வருவார். முதலில் ஜப்பானியர் என்றுதான் அறிமுகம். பிறகுதான் அவர் உண்மையில் வியட்நாமிலிருந்து தப்பி வந்த அகதி என்பது வெளியே வரும். அந்த வேடத்தில் நடித்த டஸ்டின் நுயெனும் வியட்நாம் அகதியாக அமெரிக்கா போனவர். மாறுவேடம் போடும் போலீஸ்காரனே வாழ்க்கையிலும் மாறுவேடத்தில் இருக்கிறான் என்பது நல்ல கற்பனை. வேடம் போடுகிறவனுக்கு உள்ளுக்குள் என்ன ஆகிறது என்பதை அவர்கள் அவ்வப்போது யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அடுத்த எபிசோடில் போலீஸ்காரன் வேறு பள்ளிக்குப் போய்விடுவான். அவனைக் கூட்டாளி என்று நம்பி, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிய பையன்? பெரும்பாலும் அவன் திரும்ப வருவதே இல்லை. விலங்கு மாட்டும்போது அவன் முகத்தை ஒரு நொடி காட்டுவார்கள், அப்புறம் பாட்டு. நம்மூர் போலீஸ் தொடர்களின் வழக்கமும் இதுதான். அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் 1999இல் தொடங்கிய 'கெராக் காஸ்' என்ற மலாய்ப் போலீஸ் தொடர் காலத்திலிருந்து பார்க்கிறேன். கைதோடு கதை முடிந்துவிடும். எங்களுக்கு நீதிமன்றத்தில் வேலை தொடங்குவதே அங்கேதான்.

இது வெறும் கற்பனையும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் 1974இலேயே இளம் அதிகாரிகளை மாணவர்கள் போல உயர்நிலைப்பள்ளிகளில் சேர்த்துப் போதைப்பொருள் வாங்கவிட்டது. 2012இல் கலிபோர்னியாவில் இப்படி ஒரு ரகசிய அதிகாரி, ஆட்டிசம் உள்ள ஒரு மாணவனோடு பழகி, கஞ்சா வாங்கித் தரச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் அவனைக் கைதுசெய்ய வைத்தார். பிள்ளைக்கு ஒரு நண்பன் கிடைத்துவிட்டான் என்று பெற்றோர் அதுவரை சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தத் தொடரின் திரைக்கதையும் இதன் பக்கத்தில் நிற்காது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் 40ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாங்குகிறவன் போல நடித்துத் தூண்டிவிட்ட ஆளின் சாட்சியத்தை, அவன் தூண்டிவிட்டான் என்ற ஒரே காரணத்துக்காக நம்பத்தகாதது என்று தள்ளிவிட முடியாது. 'அவன்தான் வாங்கித் தரச் சொன்னான்' என்று பையன் சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும் அதனால் மட்டும் வழக்கு சரியாது. அதே சட்டத்தின் 40ஆவது பிரிவு தகவல் கொடுத்தவரின் பெயரைப் பாதுகாக்கிறது. ஆக, தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று தெரியாமலே ஒருவன் கூண்டில் நிற்கலாம். இன்னொன்று, கையில் இருப்பது 50 கிராம் சியாபுவோ (மெத்தாம்பெட்டமைன்) 200 கிராம் கஞ்சாவோ ஆகிவிட்டால் அவன் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது அவன் பாடு. இதில் எத்தனை எபிசோடு இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். துப்பாக்கிச் சண்டையே தேவைப்படாது.

பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம். கைதான 24 மணி நேரத்துக்குள் அவனைச் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண். பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகை போட முடியாது. பிள்ளையை என்ன செய்வது என்று நீதிமன்றம் முடிவெடுக்குமுன் நன்னடத்தை அதிகாரி வீட்டு நிலவரத்தை விசாரித்து அறிக்கை கொடுப்பார். அப்பா எங்கே வேலை, பிள்ளை எந்தப் படிவத்தில் படிப்பை நிறுத்தினான், வீட்டில் எத்தனை பேர், எல்லாம் அதில் வரும். ஹென்றி கர்னி பள்ளி என்ற சீர்திருத்தப் பள்ளியா, நன்னடத்தைப் பிணையா என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்குத் தண்டனைக்குரிய குற்றம் என்றால் வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போகும். சிறாரைத் தூக்கில் போட முடியாது. அதற்குப் பதிலாக, கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில், மாமன்னர் விரும்பும் காலம் வரை சிறை. விடுதலைத் தேதி எழுதப்படாத சிறை.

அந்த அறைகளுக்குள் நான் கேட்டது எதையும் இங்கே எழுத மாட்டேன், சட்டமும் விடாது. ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்களைப் பற்றிச் சொல்லலாம். கிளீனர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கம்பெனிச் சட்டையோடு வந்திருப்பார்கள். எந்தப் பிரிவு, என்ன குற்றச்சாட்டு, எந்த கேங் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ஐயா, தம்பி எப்ப வீட்டுக்கு வருவான்?" அது ஒன்றுதான். உங்கள் தொடரில் அம்மா பாத்திரத்துக்கு வசனம் எழுதுகிறவர் அரைப் பக்கம் அழ வைப்பார். நிஜத்தில் அவர்கள் அழுவதைவிட அதிகமாகச் செய்வது, கைப்பையில் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதுதான்.

பதினெட்டைத் தாண்டிவிட்டால் இந்தச் சிறார் நடைமுறை கிடையாது. கும்பல் குற்றம் என்று சந்தேகம் வந்தால் 2012இன் சோஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது, 28 நாள் வரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவராமலே விசாரணைக் காவலில் வைக்கலாம். அந்த 28 நாளை நீட்டிக்கும் தீர்மானம் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தோற்றது, ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். ஒரே ஃப்ளாட், ஒரே மோட்டார், பதினேழு வயதுத் தம்பி ஒரு பாதையில், பத்தொன்பது வயது அண்ணன் வேறொரு பாதையில். இந்தக் கதையை இதுவரை யாரும் தொடராக எடுத்து நான் பார்க்கவில்லை.

இப்படியெல்லாம் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். 2015இல் வந்த 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படம் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்வதைத்தான் காட்டியது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்கே கிடைத்தது. நம் பார்வையாளர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

நம் பிள்ளைகள் எங்கே நழுவுகிறார்கள் என்பதையும் தொடர் காட்டட்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் மொழியில் தேறாமல், இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவன், கூடப் படித்த சீனப் பையன், தமிழ்ப் பையன் தவிர வகுப்பில் வேறு யாரையும் தெரியாமல் முதலாம் படிவத்துக்குப் போகிறான். இடைவேளையில் ஒரு சீனியர் "டேய் தம்பி, யாராவது கை வச்சா அண்ணன்கிட்ட சொல்லு" என்கிறான். முதல் ஆறு மாதம் அவ்வளவுதான். பொட்டலமும் இல்லை, பாராங் கத்தியும் இல்லை. நீங்கள் காட்டும் கடத்தல் முதலாளியும் சுருட்டும் கறுப்புக் காரும் இந்தப் பையனின் கண்ணில் படவே படாது.

அப்புறம் கேங் நம்பர். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்துப் பட்டியல் வெளியிட்டது, அதில் பலவும் வெறும் எண்களாகத்தான் தெரியும். தயவுசெய்து அந்த எண்கள் எதையும் சட்டையிலோ பச்சையிலோ சுவரிலோ காட்டாதீர்கள். அது அவர்களுக்கு இலவச விளம்பரம். தலைவன் நடந்து வரும்போது ஸ்லோமோஷனும் வேண்டாம்.

ரகசியப் போலீஸ்தான் கதாநாயகன் என்றால் அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவரையும் வையுங்கள். நம் இடைநிலைப்பள்ளிகளுக்குப் பள்ளித் தொடர்பு அதிகாரி என்று ஒரு போலீஸ்காரர் நியமிக்கப்படுகிறார். சீருடையில் வருவார், பெயர் மார்பில் இருக்கும், கட்டொழுங்கு ஆசிரியருக்கு அவர் நம்பர் தெரியும். ஒருவர் முகம் காட்டிப் பழகுகிறார், இன்னொருவர் முகத்தை மறைத்துப் பழகுகிறார். ஒரே பையனை இருவரும் காப்பாற்ற நினைத்தால் அவர்களுக்குள் வரும் சண்டை எப்படி இருக்கும்? எனக்கு எழுதத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, ஆராய்ச்சிக்கு. போலீஸ் சீருடைக்கும் வண்டிக்கும் அனுமதி வாங்க எப்படியும் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமான் போவீர்கள். அதோடு தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்களையும் பாருங்கள், தடுப்புக்காவலுக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்காகக் காலையிலேயே வந்து நிற்பவர்கள் அவர்கள். சிறார் நீதிமன்ற நடைமுறை எப்படி என்று கேட்க ஆள் வேண்டுமென்றால் நானும் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம். கைதுக்குப் பிறகு ஓர் எபிசோடாவது அந்தப் பையனுக்கு ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
செந்தூல், கோலாலம்பூர்