உயிலில் ஒரு பங்கு, படித்த பல்கலைக்கழகத்துக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என் வயதுக்காரர்கள் பலர் இப்போது உயில் எழுதும் யோசனையில் இருக்கிறார்கள். வீடு மகனுக்கு, நகை மகளுக்கு, ஏதோ ஒரு தொகை குலதெய்வக் கோயிலுக்கு, அதோடு முடித்துக்கொள்கிறோம். எங்களில் நிறைய பேர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அந்தப் படிப்பில்தான் வேலை வந்தது, அந்த வேலையில்தான் வீடும் நகையும் வந்தன. படிக்கவைத்த இடத்துக்கு அதே உயிலில் ஒரு வரிகூட இல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைச் சொன்னால், “இருக்கிறவரைக்கும் நமக்கே வேண்டுமே, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன செய்வது” என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் உயில் நம் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், அதுவரை பணம் நம் கையில்தான். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், ரத்தும் செய்யலாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கிற தான செட்டில்மென்ட் அப்படியில்லை, பதிந்து கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயம் இல்லை என்றாலும் பின்னால் தகராறு வராமல் இருக்க பதிந்துவிடுவதே நல்லது. அப்புறம், சுயசம்பாத்தியத்தை மட்டும்தான் முழுதாக நம் விருப்பப்படி எழுத முடியும், பூர்வீகச் சொத்தில் நம் பங்குக்கு மேல் கை வைக்க முடியாது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எழுபதுகளில் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் படித்தவனின் பட்டச் சான்றிதழில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர். 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு அதே கல்லூரி அதனோடு இணைந்துவிட்டது. “நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு” என்று மொட்டையாக எழுதிவைத்தால் பணம் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிற சேப்பாக்கத்துக்கா, சேலத்துக்கா, கல்லூரிக்கா? நாம் போன பிறகு யாரிடம் போய்க் கேட்பார்கள்? பல்கலைக்கழகப் பதிவாளருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டு, எந்தப் பெயரில் எழுத வேண்டும், பணத்தை எப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்று பதில் வாங்கி வைத்துக்கொண்டு எழுதுவதே சரி.

எதற்கு என்பதையும் எழுத வேண்டும். வழக்கமாக முதல் மதிப்பெண்ணுக்குத் தங்கப் பதக்கம் என்று அறக்கட்டளை வைப்பார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை, முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளை எப்படியும் கரையேறிவிடும். பென்னாகரத்திலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் சேலம் போய்ப் படிக்கிற பிள்ளை விடுதி மெஸ் கட்டணம் கட்ட முடியாமல் இரண்டாம் வருடத்தில் நின்றுவிடக் கூடாது, அதுதான் எனக்கு முக்கியம். என் வைப்புத்தொகையில் பத்தில் ஒரு பங்கை அதற்கென்றே எழுதியிருக்கிறேன். அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் கொடுக்க வேண்டும், அந்த வட்டியிலும் ஒரு பகுதியை அசலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் இன்று பெரிதாகத் தெரிகிற தொகை முப்பது வருடம் கழித்து ஒரு மாத மெஸ் பில்லுக்குக்கூடக் காணாது. மாந்தோப்பை அப்படியே பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைக்க நினைப்பவர்களிடம், அதை விற்றுப் பணமாகக் கொடுக்கும்படி எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். காவேரிப்பட்டணத்துத் தோப்பை சேலத்திலிருந்து யார் வந்து காவல் காப்பார்கள்?

பச்சையப்ப முதலியார் 1794இல் எழுதிய உயில் கோயில் தருமங்களுக்காக எழுதப்பட்டது. அவர் பணம் பல வருடங்கள் வழக்கில் கிடந்து, கடைசியில் மிஞ்சியதிலிருந்து 1842இல்தான் பள்ளிக்கூடம் வந்தது. நம் பணமும் அப்படி வழக்கில் கிடக்காமல் இருக்க, உயிலை நிறைவேற்ற நம்பகமான ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும், பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிட வேண்டும். என் மகனிடமும் மகளிடமும் உட்காரவைத்துச் சொன்னேன். மகன் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு அவனே பத்திரம் எழுதுபவரிடம் அழைத்துப் போனான்.

உங்கள் நாளிதழ் மூலம் பல்கலைக்கழகங்களிடம் ஒன்று கேட்கிறேன். உயிலில் எழுத வேண்டிய சரியான பெயர், அதற்கு ஒரு மாதிரி வாசகம், விவரம் கேட்க ஓர் அலுவலர், இவ்வளவையும் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டு ஒவ்வொரு இணைப்புக் கல்லூரி அலுவலகத்திலும் வையுங்கள். கொடுக்க மனமுள்ளவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காரிமங்கலம், தர்மபுரி மாவட்டம்.