பாப்பாவுக்காக ஓடி வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. உங்களை நேரில் பார்த்தால் அழுகை முந்திக்கொள்கிறது, பேச்சு வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று கஞ்சியை வடித்து, சட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தட்டெடுக்கத் திரும்பினேன். ஒன்றே முக்கால் வயசுக் குழந்தை விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டாள். வலது கை, நெஞ்சு, வயிறு. கஞ்சி தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது. தோலோடு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

எதிர்வீட்டு அங்கன்வாடி அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. பக்கத்து வீட்டிலிருந்து பேஸ்ட் வந்தது, யாரோ இங்க் பாட்டிலைத் தேடினார்கள், அத்தை தோசை மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாசத்தில்தான் வந்தார்கள். நீங்கள் ஒன்றையும் பூசவிடவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்தீர்கள். சட்டையைக் கழற்றி, வளையலை உருவி, அரைஞாண் கயிற்றைக் கத்தரியால் வெட்டினீர்கள். "வீங்கினா இறுக்கிடும்மா, எடுக்க முடியாது" என்றீர்கள். தண்ணீரை வெந்த இடத்தில் மட்டும் விட்டு, உடம்பு குளிர்ந்துவிடாமல் தலையையும் காலையும் காய்ந்த துண்டால் சுற்றச் சொன்னீர்கள். அப்புறம் "மணி பாரு" என்றீர்கள். 11.40. சரியாக 20 நிமிடம். ஐஸ் கொண்டுவந்தவரையும் தடுத்தீர்கள். "ஜன்னி வந்துடும், புள்ளையக் கொல்லப் போறியா" என்று தெருவே சத்தம் போட்டது. நீங்கள் தலை நிமிரவே இல்லை.

அந்த மணி எதற்கு என்று தீக்காயப் பிரிவில்தான் புரிந்தது. டியூட்டி டாக்டர் முதலில் கேட்டதே "எத்தனை மணிக்குக் கொட்டியது?" என்றுதான். குழந்தைகளுக்கு உடம்பில் நூற்றில் பத்து பங்குக்கு மேல் வெந்தால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அந்தக் கணக்கு கொட்டிய நேரத்திலிருந்து தொடங்குமாம், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து இல்லை.

டாக்டரம்மா, நீங்கள் எனக்குப் புரியவைத்ததற்குத் தனியாக ஒரு நன்றி. புண் எவ்வளவு என்று என் கையை வைத்துக் காட்டினேன். "உங்க கை இல்லம்மா, அவ கை" என்று பாப்பாவின் உள்ளங்கையை விரல்களோடு விரித்துக் காட்டினீர்கள். அது ஒன்று அவள் உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. பன்னிரண்டு கை. குழந்தைத் தோல் மெல்லிசு, நமக்கு மேலோடு போகிற சூடு அவர்களுக்கு உள்ளே இறங்கிவிடும், ஆழம் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும் என்றீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னீர்கள். அதனால்தான் அப்புறம் சொன்னதையெல்லாம் நம்ப முடிந்தது. நெஞ்சும் வயிறும் இரண்டு வாரத்தில் ஆறின. முழங்கை மடிப்புக்கு மட்டும் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினீர்கள். அந்த நேரத்தில் குழாய்த் தண்ணீர் ஓடியிருக்காவிட்டால் இன்னும் நிறைய இடத்தில் ஒட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னீர்கள்.

கட்டு மாற்றும் சிஸ்டர், வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் ஆகாமல் நீங்கள் கட்டைத் தொட்டதே இல்லை. ஒட்டியிருந்த துணியை நீர் விட்டு விட்டு, நனைத்து நனைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே பிரிப்பீர்கள். மூன்றாவது வாரத்தில் பாப்பாவே கையை நீட்டினாள்.

108-இல் வந்த தம்பி, பக்கத்துக் கட்டிலில் பேத்தியோடு இருந்துகொண்டு எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்த ஆயா, உங்களையும் மறக்கவில்லை.

பிசியோதெரபி தம்பி, முழங்கை நன்றாக நீள்கிறது. தழும்பு தடித்துவிடாமல் இருக்கப் போடுகிற இறுக்க உடையை ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டுக்கொள்கிறாள். வளர்கிற பிள்ளை என்பதால் ஏற்கெனவே ஒரு முறை அளவு மாற்றியாயிற்று. ராத்திரியில் அரிப்பு இன்னும் இருக்கிறது. கிரீம் தடவி நீவிவிட்டால் தூங்கிவிடுகிறாள்.

அக்கா, வெட்டின அரைஞாண் கயிற்றை எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குப் புதுக் கயிறு கட்டுகிறோம். நீங்கள் வந்துதான் முடிச்சுப் போட வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா