"நல்லாத்தான இருக்கறீங்க"

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் நீல் ஆரன்சன் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தறிக்குடோனில் கரண்ட் போன நேரத்தில். இரண்டாவது தடவை வீட்டில், கையில் பேனாவோடு. நெதர்லாந்தில் ஆராய்ச்சியாளரான அவரும் அவருடைய சகாக்களும் புற்றுநோயாளிகளிடம் கேட்பதற்காக 30 கேள்விகள் தொகுத்தார்கள், அது 1993-இல் வெளிவந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதில் நீங்கள் எடுத்துப் போட்டிருந்த கேள்விகளுக்கு ஓரத்திலேயே விடை எழுதிப் பார்த்தேன்.

எனக்கு 2019-இல் இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்றும் ஆயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் "அதான் சரியாப் போச்சுங்களே, நல்லாத்தான இருக்கறீங்க" என்பார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிழைத்து வந்ததே பெரிசு, இதில் கை மரத்துப்போகிறது என்று புலம்பினால் என்ன நினைப்பார்கள்?

ஆனால் மரத்துத்தான் போகிறது. கீமோவில் ஏற்றிய பாக்ளிடாக்சல் மருந்து நரம்பைப் பாதிக்கும். விரல் நுனியிலும் கால் விரலிலும்தான் முதலில் தெரியும். பலருக்குச் சில மாதத்தில் குறைந்துவிடும், சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும். நான் இரண்டாவது ரகம். தறி ஓட்டுகிறவளுக்கு விரல் நுனிதான் கண். நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, ஒட்டு நூல் சேர்த்து முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து இழுக்க வேண்டும். முன்பெல்லாம் பக்கத்துத் தறிக்காரியோடு கத்திப் பேசிக்கொண்டே இதைச் செய்வேன். இப்போது நூல் விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. நாலு தறி பார்த்தவள் இரண்டுக்கு வந்துவிட்டேன். கூலியும் அதே கணக்குத்தான்.

அந்த 30-இல் 28-ஆவது கேள்வி, உடல்நிலையோ சிகிச்சையோ பணக் கஷ்டம் கொடுத்ததா என்பது. இதை ஒரு மருத்துவப் படிவத்தில் சேர்த்தாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. முதல் கேள்விதான் சிரிப்பை வரவழைத்தது: கனமான பையோ பெட்டியோ தூக்கச் சிரமமா? நான் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போகிறேன்? தண்ணிக்குடம் என்று கேட்டிருந்தால் "ரொம்ப" என்று போட்டிருப்பேன்.

கட்டுரையில் ஒரு குறை. இந்தப் படிவத்தை முதலில் சோதித்தது 13 நாடுகளில் 305 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் என்று நர்சிங் படிக்கும் என் மகள் சொன்னாள். அதாவது, நோயோடு இருந்தவர்களுக்காக அமைந்தது. கை வீக்கம், கையைத் தூக்க முடியாமை எல்லாம் மார்பகப் புற்றுநோய்க்கான 23 கேள்விகள் கொண்ட தனி இணைப்பில் இருக்கிறதாம். அதை நீங்கள் சொல்லவே இல்லை. எனக்கு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால் இடது கை வீங்கியே இருக்கும். போன தை மாதம் அண்ணன் மகள் வளைகாப்பில் வளையல் கொடுத்தார்கள். வலது கைக்கு ரெண்டு நாலு சைஸ் சுலபமாக ஏறியது. இடது கைக்கு ரெண்டு எட்டே மணிக்கட்டில் நின்றுவிட்டது. சபையில் ஒற்றைக் கையில் மட்டும் வளையலோடு நிற்க வேண்டாமென்று அண்ணி அதையும் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள்.

ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவரையும் விட்டுவிட்டீர்கள். தனக்கே புற்றுநோய் வந்தவர். பிழைப்பது என்பது ஒரே நாளில் முடிகிற விஷயம் அல்ல, அதில் மூன்று பருவங்கள் உண்டு என்று 1985-இலேயே எழுதினார். சிகிச்சைப் பருவம், அது முடிந்தும் திரும்பி வருமோ என்று பயந்திருக்கும் பருவம், நோய் போய்விட்டது என்று ஓரளவு நம்பிய பிறகும் உடம்பிலும் வேலையிலும் அதன் தடம் கிடக்கும் பருவம். நான் மூன்றாவதில் இருக்கிறேன் என்கிறாள் மகள். செக்கப் தேதி நெருங்கினால் நான் இரண்டாவதுக்கு ஓடிவிடுகிறேன்.

செக்கப்புக்குக் கோவை போக விடிகாலையில் பஸ் ஏற வேண்டும். டோக்கன் வாங்கி நாலு மணி நேரம் பெஞ்சு, உள்ளே மூன்று நிமிஷம். மேமோகிராமைப் பார்த்து, "ஒண்ணும் இல்லைம்மா, மாத்திரையை விட்டுடாதீங்க." டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே இன்னும் அறுபது பேர் நிற்கிறார்கள். அந்த நாலு மணி நேரத்தில் இந்தப் படிவத்தைக் கையில் கொடுத்தால் என்ன? தமிழிலும் இருக்கிறதாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு நர்ஸ் வாசித்துக் காட்டலாம். "ரொம்ப" என்று விழுந்த இரண்டு மூன்று விடைகளை மட்டும் டாக்டர் பார்த்தால் போதும், மூன்று நிமிஷமே தாராளம்.

30-ஆவது கேள்வி, போன வாரம் வாழ்க்கை மொத்தத்தில் எப்படி இருந்தது, 1 முதல் 7-க்குள் ஒரு எண் போடு என்பது. நான் 5 போட்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏன், ஆறு போட வேண்டியதுதான?" என்றார். நான் மாற்றவில்லை.

இப்படிக்கு,
தறிக்காரி, சோமனூர்
(பெயர் வேண்டாம், மகளுக்கு வரன் பார்க்கிறோம்)