ஓர் எழுத்துப் பிழை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்தேன். ஆதாரில் அவர் பெயரில் ஓர் எழுத்து வேறாம். ஐந்தாவது நடையில்தான் கிடைத்தது.

அந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு ராத்திரி, செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'மண்டாபி' பார்த்தேன். 1968இல் வந்த படம். செனகல் தலைநகர் டக்காரில் வேலைவெட்டி இல்லாத ஒருவருக்கு, பாரிசில் இருக்கும் சகோதரி மகன் 25,000 ஃபிராங்க் மணியார்டர் அனுப்புகிறான். அதில் இவர் பங்கு 2,000தான். தபால் ஆபீசில் அடையாள அட்டை எங்கே என்கிறார்கள். அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்றிதழும் போட்டோவும் வேண்டுமாம். மனுஷன் பிறந்த தேதி தெரியாமல் விழிக்கிறார். பணம் வருவதற்குள் ஊரே கடன் கேட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அவரும் ஒன்றும் அப்பாவி இல்லை. வீட்டில் இரண்டு மனைவிகளையும் அதட்டியே வேலை வாங்குகிறவர். முதல் காட்சியில் மரத்தடி நாவிதர் அவருடைய மூக்கு முடியைக் கத்தியால் மழிப்பார் பார், எனக்கு மூக்கு கூசிவிட்டது!

நாவலை மூட்டைகட்டிவிட்டுக் குறும்படம் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். செம்பேன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த வாழ்க்கையை வைத்து 1956இல் முதல் நாவல் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த 1947-48 ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி 1960இல் இன்னொன்று. எல்லாம் பிரெஞ்சில். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால்தான் நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோ போய் சினிமா கற்றார். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 'மண்டாபி'யையே முதலில் குறுநாவலாகத்தான் எழுதினார். அப்புறம்தான் செனகல் மக்கள் பேசும் வொலோஃப் மொழியில் படமாக்கினார். 'ஹாலா'வும் அப்படித்தான், 1973இல் நாவல், 1975இல் படம்.

இன்னொன்று கேள். 1977இல் அவர் எடுத்த 'செட்டோ'வை (Ceddo) செனகல் அரசு தடைசெய்தது. தலைப்பில் ஒரு 'டி' போதும், இரண்டு போட்டது பிழை என்று காரணம் சொன்னார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்த செங்கோரும் ஒரு கவிஞர்! இஸ்லாம் அங்கே பரவிய விதத்தைப் படம் தொட்டதுதான் உண்மையான காரணம் என்பார்கள். செம்பேனோ அந்த 'டி'யை எடுக்கவே இல்லை. நான் அப்பா பெயரைத் திருத்திக் கொடுத்துவிட்டேன், வேறு வழி?

படம் எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் பென்ஷன் வேலையாக அந்தப் பக்கம் வருவேன். நாவலைப் பரணில் போட்டுவிடாதே, எடுத்து வை. மீதியைப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்