நான்காவது ஆளுக்கு ஒரு பந்து

திண்டுக்கல்
2 பிப்ரவரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்த அன்று நான் கொடைக்கானலில் இருந்தேன். வீடு திரும்பியதும் முதல் வேலையாக அதைத்தான் பிரித்தேன். முட்டி ஆபரேஷன் முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. படி ஏற மட்டும் அவசரப்படாதே. பேத்தியும் நீயும் ஒரே மாதத்தில் நடை பழகுவதாக எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

சரி, கொடைக்கானலுக்கு வருகிறேன்.

1976-ல் பதினோராம் வகுப்புச் சுற்றுலா போனோமே, தூண் பாறைக்குப் போகிற வழியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது ஞாபகம் இருக்கிறதா? வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி, தூரத்தில் ஒற்றைக் கொடி. தொப்பி போட்ட ஒருவர் பந்தை அடித்துவிட்டு, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தபடி நின்றார். நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, "சார், இவர் யாரை எதிர்த்து ஆடுறார்?" என்று கேட்டாய். சாரிடம் பதில் இல்லை. மலை இறங்குகிற வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

அதே புல்வெளியில்தான் போன புதன்கிழமை நாங்கள் மூன்று பேரும் நின்றோம். ஏற்பாடெல்லாம் நம் பட்டாளத்தான்தான். அங்கே உறுப்பினராக இருக்கும் அவனுடைய பழைய அதிகாரி ஒருவரின் விருந்தாளிகளாகப் போனோம். பட்டாளத்தில் எந்தக் கன்டோன்மென்டுக்கு மாற்றிப் போட்டாலும் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்குமாம். வெலிங்டனில் இருந்தபோது ஆட ஆரம்பித்தவன், இன்றுவரை விடவில்லை. வாத்தியாரும் நானும் அந்த மட்டையைத் தொட்டதே அன்றைக்குத்தான்.

காலை ஏழு மணிக்குப் புல் முழுக்க உறைபனி. நடந்தால் காலடியில் நொறுநொறுவென்று சத்தம் கேட்டது. ஓரத்து யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே வெயில் ஏறிய பிறகுதான் கையுறையைக் கழற்றினோம். 1895-ல் தொடங்கிய கிளப் அது. நம் தாத்தாக்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே யாரோ பந்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பட்டாளத்தான் விதிமுறையில் எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். கிட்டிப்புள்ளிலேயே ஒரு சாண் ஏமாற்ற விடமாட்டான். ஆட்டம் தொடங்குமுன் எங்களை வரிசையாக நிற்க வைத்து வகுப்பெடுத்தான். பந்து 46 கிராம்கூட இல்லை. கொடி நட்டிருக்கும் குழியின் வாய் 4.25 அங்குலம். காணாமல் போன பந்தை 3 நிமிடம்தான் தேடலாம், 2019-க்கு முன்னால் 5 நிமிடம் இருந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால் கணக்கில் அபராத அடியோடு வேறு பந்து. எங்களுக்காக அவன் தேர்ந்தெடுத்தது 'ஸ்கிராம்பிள்' என்கிற முறை. மூன்று பேரும் அடிப்போம், மூன்றில் நல்ல இடத்தில் கிடக்கிற பந்து எதுவோ அங்கேயிருந்து மறுபடி மூவரும் அடிப்போம். அடிகளின் கணக்கு ஒன்றுதான், மூவருக்கும் பொது. உன் பழைய கேள்விக்கு அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. யாரையும் எதிர்த்து ஆடவில்லை மாப்ளே. மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கொடியை நோக்கி நடந்தோம், அவ்வளவுதான்.

முதல் அடி பட்டாளத்தானுடையது. நீலவானத்தில் பந்து போகிற போக்கைப் பார்க்க ஆனந்தமாக இருந்தது. 7000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் பந்து கீழே சமவெளியில் பறப்பதைவிடக் கூடுதல் தூரம் போகும் என்றான். தூரமாக அடிப்பதெல்லாம் அவன் பொறுப்பாகவே போய்விட்டது. ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்ததும் வாத்தியார்தான் ராஜா. கேரம் போர்டில் பழகிய கண் அல்லவா? குனிந்து, ஒரு கண்ணை மூடி, சரிவைப் பார்த்து, மெல்லத் தட்டினான். பத்தடி தூரம் உருண்டு உள்ளே விழுந்தது. பை தூக்கி வந்த அண்ணனே கைதட்டினார். நான்காவது குழியருகே காட்டுமாடுகள் ஆறு, ஒரு கன்றோடு, நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவை நகர்கிற வரை இருபது நிமிடம் மரத்தடியில் உட்கார்ந்து பிளாஸ்க் காபியைக் குடித்தோம். மாடு பந்தைத் தட்டிவிட்டால் அபராதம் இல்லையாம், பழைய இடத்திலேயே வைத்து அடிக்கலாமாம். அதற்கும் விதி இருக்கிறது!

உனக்கு எழுத வேண்டும் என்று நான் நினைத்தது இனிமேல்தான்.

ஆறாவது குழியில் வாத்தியார் அடித்த பந்து சரிவில் உருண்டு உயரமான புல்லுக்குள் போய்விட்டது. மூவரும் குனிந்து தேடினோம். வாத்தியாரின் மனைவி, நம் தங்கச்சி, போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருஷத்தில் நாம் எத்தனை முறை போன் செய்தோம், அவன் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் போய் உட்கார்ந்தோம். "நல்லா இருக்கேன்டா" என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் சொன்னதில்லை. அன்று புல்லை விலக்கிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், "ராத்திரி படுக்கும்போது இன்னும் ரெண்டு சொம்பு தண்ணிதான்டா எடுத்து வைக்கிறேன்" என்றான். நாங்கள் நிமிரவில்லை. தேடிக்கொண்டே இருந்தோம். அவனும் தேடிக்கொண்டே பேசினான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மகன் அமெரிக்காவுக்குத் திரும்பிய அன்று வீடு இருந்த இருப்பு, அவள் கையெழுத்தில் பால் கணக்கு எழுதியிருக்கும் காலண்டரைக் கழற்ற மனம் வராதது. எல்லாம் வந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். 3 நிமிடம் என்று வகுப்பெடுத்தவன் வாயே திறக்கவில்லை.

அப்புறம் வாத்தியாரே நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும், வேற பந்து எடு" என்றான். ஒன்பது குழியோடு முடித்துக்கொண்டோம். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கடைசிக் குழியிலும் அவன்தான் பந்தை உள்ளே தள்ளினான்.

இறங்கும்போது பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தினோம். வாத்தியார் மலைப்பூண்டு வாங்கப் போனான். பட்டாளத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து என் கையில் வைத்தான். வாத்தியார் தொலைத்த அதே பந்து. "தேட ஆரம்பிச்ச உடனேயே கிடைச்சுடுச்சுடா. அவன் பேச ஆரம்பிச்சுட்டான், எப்படிக் காட்டுறது?" என்றான். நாற்பது வருஷமாக விதி தவறாமல் ஆடுகிறவன். எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்தப் பந்தைத்தான் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன், கால் கிலோ பூண்டோடு சேர்த்து. வாத்தியாரிடம் சொல்லிவிடாதே. அடுத்த பொங்கல் கழித்து நான்கு பேராகப் போவது என்று முடிவாகிவிட்டது. கிட்டிப்புள்ளில் நீ அடித்த அடிகளைப் பை தூக்கி வரும் அண்ணன் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். மேடு பள்ளத்தில் ஒன்பது குழி நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுது. முடியாது என்றால் எத்தனை குழி நடக்கலாம் என்று கேள்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்